எஸ்தரம்மா கேட்காமல் இருக்கவில்லை

எஸ்தரக்கா போய்விட்டார் என்ற செய்தி திருப்பதி பஸ்ஸில் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் திருப்பதியில் தங்கை வீட்டில் இருந்தார். தந்தி வந்து சேர நேரமாகும் என்று அந்தத் தங்கை ஒரு துண்டுச் சீட்டு எழுதி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பூக்காரம்மா அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். 'அக்கா விடியலில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அடக்கம் சித்தூரில். சாராள் அக்காவுக்கு முதலில் சொல்லவும்.' சாராள் நான்தான். முதலில் என்ற சொல்லைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வந்திருக்கும். ஆனால் மறுநாள் அடக்க ஆராதனையில் ஒரு பேச்சைக் கேட்டேன். அதிலிருந்து எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். போதகர் ஐயா சபை மடலுக்கு எஸ்தரம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையாரே, உங்களில் பலர் எஸ்தரம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தவர்கள். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை, வெள்ளைச் சேலை, மெல்லிய குரல். நான் அவரைத் திங்கள் முதல் சனி வரை பார்த்தவள். ஊருக்கு வெளியே திருப்பதி ரோட்டில் இருந்த மாம்பழக்கூழ் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். நான் அதே ஆபீசில் தண்ணீர் வைத்து, காபி கொடுத்து, காகிதங்களை மேசைக்கு மேசை கொண்டுபோனவள். அந்த உரிமையில் சொல்கிறேன். அன்றைக்கு ஆலயத்தில் நீங்கள் கேட்டது எஸ்தரம்மாவைப் பற்றிய பேச்சே இல்லை.

சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிப் பேசினாரே சந்தானம், இன்றைக்கு அந்தக் கம்பெனியில் பெரிய அதிகாரி, அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "எஸ்தரம்மா தனக்காக வாழ்நாளில் ஒரு தடவைகூட எதையும் கேட்டதில்லை. வேலைக்குப் போகிற இளைஞர்களே, முன்னேறுவதற்கு வழி இதுதான். கேட்காதீர்கள். உழையுங்கள். கம்பெனி ஒரு குடும்பம், அது உங்களைப் பார்த்துக்கொள்ளும்." எல்லோரும் தலையாட்டினீர்கள். என் பேத்தி ரூபியும் ஆட்டினாள். அவள் திருப்பதியில் தங்கிப் படித்து பி.காம். முடித்தவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. வருகிற திங்கட்கிழமை சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் சேரப்போகிறாள். சந்தானம் சொன்னதைக் கைப்பையிலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் இதைச் சும்மா விடக் கூடாது என்று நினைத்தேன்.

கம்பெனி ஒரு குடும்பம் என்பதை எஸ்தரக்கா காதால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் கேட்டார், சொன்னார். ஒரு சீசன் முடிவில் சென்னை ஆபீஸ்காரர் ஒருவர் வந்து, நாமெல்லாம் ஒரு குடும்பம் என்று பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் பழம் நறுக்கும் பெண்கள் முப்பது பேரை நிறுத்துவதாகச் சுவரில் தாள் ஒட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்:

"எந்த வூட்டுலயாவது நைனா புள்ளைங்களுக்கு நோட்டீஸ் அடிச்சி செவுத்துல ஒட்டுவாராடி? குடும்பமாம். வேலைன்னு சொல்லு, ஒழுங்கா செய்யறேன். குடும்பம்னு சொல்லி என்னைய ஏமாத்தாத."

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தக் கம்பெனிக்குப் போனது ஆபீஸ் வேலைக்கு இல்லை. கணவர் இறந்த வருடம் அது. நறுக்குகிற ஷெட்டில் கத்தி பிடித்தேன். மாம்பால் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். ஒரு நாள் வாசலில் லாரிக்காரன் ஒரு சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாங்கி, தெலுங்கில் இருந்ததைப் படித்து, எந்தத் தோட்டத்துப் பழம் என்று தமிழில் சொன்னேன். ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த எஸ்தரக்கா மறுநாளே என்னை ஆபீசுக்குக் கேட்டு வாங்கிவிட்டார்.

"எதுவரிக்கும் படிச்ச?"

"அஞ்சாவதுங்க."

"கேக்காதப்ப நீயா சொல்லிக்கினு திரியாத. கேட்டா பொய் சொல்லாத."

அவர் எனக்குச் சொன்ன முதல் புத்தி அது. இரண்டாவது பாதியை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் பழம் வரத் தொடங்கும்போது சென்னையிலிருந்து புதிய ட்ரெய்னி ஆபீசர்கள் வருவார்கள். பட்டம் வாங்கிய இளைஞர்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். தவறு செய்தால் மட்டும் கூப்பிட்டுக் கத்துவார்கள். சொல்லிக்கொடுத்தது டைப்பிஸ்ட்தான், அதுவும் யாரும் சொல்லாமல். சித்தூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அக்கா மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"டையைக் கழட்டு நைனா. கூழ்த் தொட்டியில மாட்டிக்கிச்சின்னா உன்னையும் சேத்து டின்னுல அடைச்சி லண்டனுக்கு அனுப்பிடுவாங்க."

அந்த டைக்காரர்தான் சந்தானம்.

நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் அக்கா சொன்னபடி ஷெட்டிலேயே நின்றார். "மொத மாசம் எல்லாத்தையும் கேட்டுடு. ரெண்டாவது மாசம் கேட்டா, இதுகூட தெரியாதான்னுவாங்க" என்பார் அக்கா. சந்தானம் கேட்டார். சாப்பாட்டுக்கு அதிகாரிகள் அறைக்குப் போகாமல் எங்களோடு வந்து உட்கார்ந்தார். எந்தத் தோட்டத்துப் பழம் அழுகல், எந்த பாய்லர் மக்கர் செய்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். டின் மூடியைப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். அதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். கூழை அடைத்துக் காய்ச்சிக் குளிரவைத்த டின்கள் லேபிள் இல்லாமல் மொட்டையாக, லாட் லாட்டாக அடுக்கியிருக்கும். ஆர்டர் வரும்போதுதான் லேபிள் ஒட்டுவோம். உள்ளே என்ன பழம் என்பதை மூடியில் குத்திய எழுத்து ஒன்றுதான் சொல்லும். 'கே' என்றால் காதர், அதாவது நல்ல இனிப்புப் பழம், விலை அதிகம். 'பி' என்றால் பெங்களூரா, கிளிமூக்கு மாங்காய், விலை குறைவு.

எழுபதுகளின் நடுவில் ஒரு சீசனில் காதர் பழம் சரியாக வரவில்லை. ஆர்டரோ வந்துவிட்டது. ஒரு நாள் காலை மேனேஜர் சந்தானத்தை அறைக்குக் கூப்பிட்டார். நான் மேசையில் காபி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜர் ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்.

"எட்டாவது லாட்டுக்கு காதர் லேபிள் ஒட்டேய். நேனு சூசுகுண்டா."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். எட்டாவது லாட் முழுக்க 'பி' எழுத்து. அது எனக்கே தெரியும். சந்தானம் அறையை விட்டு நேராக டைப் மெஷினிடம் வந்தார்.

"அம்மா, பி டின்னுக்கு காதர் லேபிள் ஒட்டச் சொல்றார். முடியாதுன்னா வேலை போயிடும். என்ன பண்றது?"

"எழுதிக் குடுக்கச் சொன்னியா?"

"அவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"வாயால சொன்னத நீ தாளுல எழுதி அவருக்கே அனுப்பு. வேணாம், குந்து, நானே அடிக்கிறேன்."

லேபிளை ஒட்டாமல் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நிறுத்தறது நம்ம கையில இல்ல. யாரு சொன்னதுன்னு எழுதறது நம்ம கையில இருக்குது" என்றார். 'தாங்கள் இன்று காலை வாய்மொழியாக உத்தரவிட்டபடி' என்று தொடங்கி நான்கு வரி. சந்தானம் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் பிற்பகல் மூன்று மணிக்கு போனில் பேசிக்கொண்டே, தட்டில் வருகிற தாள்களில் படிக்காமல் பச்சை மையில் சுழித்துக்கொண்டே போவார். ஊருக்கே தெரிந்த வழக்கம். தட்டைக் கொண்டுபோகிறவள் நான். "சாராள், இத நடுவுல வையி" என்றார் அக்கா. வைத்தேன். பச்சைச் சுழி விழுந்தது. மாலைக்குள் எட்டாவது லாட் முழுவதும் காதர் ஆகிவிட்டது.

ஒரு மாதத்தில் எல்லா டின்னும் திரும்பி வந்தன. வாங்கினவர் உடைத்துப் பார்த்திருக்கிறார். சென்னையிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். மேனேஜர், அந்தப் பையன் தன் இஷ்டத்துக்கு ஒட்டிவிட்டான் என்றார். அக்கா எழுந்து பச்சைச் சுழி போட்ட தாளை நீட்டினார். மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஒரு நாளைக்கு நூறு பேப்பர்ல போடறேன். டைப்பிஸ்ட் நடுவுல சொருகியிருக்கா. நான் அப்படி உத்தரவே குடுக்கல. கேட்டவங்க யாராவது இருந்தா சொல்லட்டும்."

அந்த மூன்று பேரில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ரூமுக்குப் போய் வர்றவங்கதானே? ஏதாவது கேட்டீங்களா?"

எஸ்தரக்கா என்னைப் பார்த்தார். சந்தானம் என்னைப் பார்த்தார். மேனேஜர் பார்க்கவே இல்லை, அவருக்குத் தேவையில்லை. எனக்கு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றேன்.

அவர் பேசியது இங்கிலீஷ் இல்லை. நான் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுகிற அதே தமிழும் தெலுங்கும்தான். அந்த அறையில் இருந்த சித்தூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். சென்னைக்காரர் தலையசைத்து எழுதிக்கொண்டார். படிக்காதவள் என்று விட்டுவிட்டார்.

கையெழுத்திட்ட தாள் இருந்ததால் சந்தானம் எச்சரிக்கையோடு தப்பினார். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளைச் சொருகியது ஒழுங்கீனம் என்று எஸ்தரக்காவின் டைப் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு, லேபிள் குடோனுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் அவருக்கு வரவேண்டியது ஆபீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் பதவி. நிமிடத்துக்கு எண்பது சொல் அடிக்கிற விரல்கள் பசை வாளிக்கு நடுவில் லேபிளை எண்ணிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அங்கே போயிருக்க மாட்டார். இந்தக் கோபம் யார் மேலே என்று நீங்கள் கேட்டால், முதலில் என் மேலேதான்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாராள், உனக்கு இங்கிலீஷ் தெரியாது, சரி. அவரு பேசினது இன்னா பாஷைடி?"

பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்தேன். பஸ் வந்ததும் அவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அதன்பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது, தனக்காகக் கேட்டதே இல்லை என்றாரே, அதற்கு வருகிறேன்.

சில வருடங்களில் அந்த மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். இப்போது அவர் உயிரோடு இல்லை. பதில் சொல்ல முடியாதவர் பெயர் எனக்கு வேண்டாம். அவர் நாற்காலிக்கு வந்தவர் சந்தானம். எங்களுக்கெல்லாம் திருவிழா போல இருந்தது. குடோனுக்கு ஓடினேன்.

"அக்கா, உன் புள்ள வந்துட்டாரு. நாளைக்கே உன்ன கூப்புடுவாரு பாரு."

"கூப்புடறாரோ இல்லியோ, நான் எழுதிக் கேக்கப்போறேன். கேக்காம குந்திக்கினு இருந்தா, இவளுக்கு இதுவே போதும்போலன்னு நெனச்சிக்குவாங்க."

சபையாரே, இந்த வாக்கியத்தைத்தான் நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். எஸ்தரக்கா கேட்டார். கையால் எழுதிக் கேட்டார், மெஷின்தான் அவரிடம் இல்லையே. தன்னை மறுபடி ஆபீசில் போட வேண்டும், தவறவிட்ட பதவியைத் தர வேண்டும் என்று முதல் கடிதம். பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது. பதில் இல்லை. அதற்கும் அடுத்த வருடம் மூன்றாவது. மூன்றையும் சந்தானத்தின் மேசையில் வைத்தவள் நான். மூன்றாவதை அவர் என் கண்முன்னே பிரித்துப் படித்தார், மடித்து இழுப்பறையில் வைத்தார்.

"சாராளம்மா, பழசைக் கிளறினா எனக்கும் கஷ்டம். மேல இருக்கறவங்க அந்த லேபிள் விஷயத்தை மறந்தே போயிட்டாங்க. இன்னும் கொஞ்ச வருஷம்தானே? அம்மாவை நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். பசை தோய்ந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டுக்கொண்டார்.

"நிம்மதியாவா? சரி. நாலாவதா ஒண்ணு எழுத மாட்டேன். அவரு சொல்லிட்டாரு, நமக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரியாம இருக்கறதுதான் கஷ்டம்."

வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாமே என்று அவர் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. நேராகவே கேட்டிருக்கிறேன். அந்த வயதில் யார் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, "சின்னப் பசங்க கிட்ட மட்டும் சொல்லிடு, நாப்பது வயசுக்குள்ள ஒரு தடவையாவது வேற எடத்துல எழுதிப் போடணும்னு. கெடைக்காட்டியும் பரவால்ல. வெளிய ஒரு கதவு இருக்குதுன்னு தெரிஞ்சா போதும், உள்ள நிமிந்து நிப்ப" என்றார். ஓய்வு பெறுகிற நாள் வரை குடோனில்தான் இருந்தார். மாலை போட்டது சந்தானம்தான். போட்டோவும் எடுத்தார்கள்.

அந்த மனிதர் வந்து, அந்தப் பெண்ணின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இவர் எதையும் கேட்டதே இல்லை என்கிறார்! மறந்துவிட்டார் என்று நான் நம்பத் தயாரில்லை. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனவரைக் கேட்காத உத்தமியாக்கி, அதையே நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் நடத்திவிட்டுக் காரில் ஏறிப் போகிறார். கேட்காத பிள்ளைகள் வேலைக்கு வந்தால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவையும் நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது அவர் பெயரைப் போடவில்லை. 'ஒரு பெரிய அதிகாரி' என்றே எழுதியிருந்தேன். காரணம் இருக்கிறது. ரூபிக்கு இப்போது கிடைத்திருக்கிற வேலை, சந்தானம் தன் நண்பருக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால் கிடைத்தது. நான்தான் சென்னைக்குப் போய் அவர் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு நாளில் கொடுத்தார், அதையும் மறைக்கக் கூடாது. இது அச்சில் வந்து அவர் கண்ணில் பட்டால் ஒரு போன் போதும்.

தாள்களை ரூபியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். டை கட்டினவரிடம் வந்தபோது சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்ற இடத்தில் நிறுத்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பேசாமல் அவள் திட்டியே இருக்கலாம். கடைசித் தாளையும் முடித்துவிட்டு அடுக்கி வைத்தாள்.

"ஆயா, இந்தப் பெரிய அதிகாரி அவருதானே?"

"ஆமா."

"அன்னிக்கி எங்க அம்மா கல்யாணத்துக்குப் பயந்து சும்மா இருந்துட்ட. இப்ப என் வேலைக்குப் பயந்து பேர மறைக்கிற."

"உனக்கோசரம்தான்டி."

"எனக்கோசரம்னா பேர எழுது. இல்லாட்டி கிழிச்சிப் போட்டுடு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் யாருன்னு, எழுதினவ பயந்துட்டான்னும் தெரியும்."

"வேலை போச்சின்னா?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வேலைக்காக அவள் இரண்டு புதுச் சேலை எடுத்திருந்தாள், அலமாரியில் மடித்து வைத்திருந்தது.

"போனா போவட்டும். திங்கக்கிழமை போய் சேருவேன். அனுப்பிட்டாங்கன்னா இன்னாத்துக்கு அனுப்பறீங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுவேன்."

சந்தானம் என்ற பெயரை ஒவ்வொரு இடத்திலும் நானே திரும்ப எழுதினேன். போதகர் ஐயா, அச்சுக்குக் கொடுக்கும்போது அதை எடுத்துவிடாதீர்கள். எடுப்பதானால் எல்லாத் தாளையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எஸ்தரக்காவிடமிருந்து நான் என்ன வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று அவர் தங்கை கேட்டார், சேலை ஏதாவது வேண்டுமா என்று. சேலை வேண்டாம். இத்தனை வருடம் நான் ஒரு பதிலைப் பாக்கி வைத்திருக்கிறேன். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவில்லை. விசாரிக்க வந்து என்னைக் கேட்ட அந்த மூன்று பேர் எங்கே இருக்கிறார்களோ தெரியாது, அக்காவும் இப்போது இல்லை. ஆனாலும் நேராகக் கேட்டால் நேராகச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அவர். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், காலம் கடந்துதான்.

ஆமாம் ஐயா, கேட்டேன். எட்டாவது லாட்டுக்குக் காதர் லேபிள் ஒட்டச் சொன்னது மேனேஜர். நான் பக்கத்தில் நின்றேன். எஸ்தரம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை.